ஒன்பது மாதச் சட்டம்

— ஐநூத்தி எழுபத்தேழு பேரு, மேரி! பாரீசு பார்லிமென்டுல அத்தனை பேரும் எந்திரிச்சி நின்னாங்க. எனக்காக!

— யாருக்காக?

— எனக்காக. காரைக்கால் தருமபுரம் ஆரோக்கியஜோசப்புக்காக. ஒரு கிழவர் மட்டும் உக்காந்திருந்தாரு. அவருக்கு முட்டி வலியா இருக்கும், மன்னிச்சிட்டேன்.

— மருந்து இழுத்தீங்களா இல்லையா, அத முதல்ல சொல்லுங்க.

— இழுத்தேன், இழுத்தேன். காலையில ரெண்டு, இப்ப ரெண்டு. நான் இழுத்த இழுப்புல பக்கத்து வீட்டு வேப்பமரம் நம்ம பக்கம் சாஞ்சிடுச்சு. பஞ்சாயத்துக்கு வந்துட்டாங்க.

— சிரிப்பு மூட்டாதீங்க. இங்க ஆன்லின் கம்ப்யூட்டரத் தொறந்து வச்சிக்கிட்டு உக்காந்திருக்கா. டிக்கெட் போடணும். நான் அங்க வர்றது டிசம்பர் பதினாறு. திரும்புற தேதி கேக்குறா.

— திரும்புறதுக்கு என்ன அவசரம்? ஜூன் மாசம் போடச் சொல்லு.

— ஜூனா! மார்ச்சு நடுவுல நான் பாரீசுல இருந்தாகணும். ஏதோ தெரியாதவர் மாதிரிப் பேசுறீங்க.

— அது பழைய சட்டம். வருஷத்துல ஒன்பது மாசம் பிரான்சுல இருந்தாத்தான் முதியோர் தொகைன்னு வச்சிருந்தாங்க. இனிமே ஆறு மாசம் போதும். ஆறு மாசம் உன் மக ஆன்லினுக்கு, ஆறு மாசம் எனக்கு. அரை வருஷம் என் மூஞ்சியப் பாத்தே ஆகணும் நீ.

— யாரு போட்டா இந்தச் சட்டத்த? நம்ம சமையக்கட்டுலயா?

— போடப் போறாங்க. போன வாரம் செவ்வாய்க்கிழமை உங்க பகுதி தெபுத்தே அம்மா இருக்காங்கல்ல, அதான் எம்.பி. அம்மா, அவங்க சபையில எந்திரிச்சி என் பேரைச் சொல்லிக் கேள்வி கேட்டாங்க. நான் தெட்சிணாமூர்த்தி சார் வீட்டுக் கம்ப்யூட்டர்ல பாத்தேன். நேரலை! அவரு வரிக்கு வரி தமிழ்ல சொல்லிக்கிட்டே வந்தாரு.

— அவரா! நாப்பது வருஷம் பிரெஞ்சு வாத்தியாரா இருந்துட்டு, இப்ப நீங்க சொல்ற பொய்க்கெல்லாம் பிழை திருத்திக் குடுக்குறாரு.

— நடுவுல பேசாதே. கேளு. 'காரைக்கால்னு ஒரு கடற்கரை ஊரு. அங்க ஆரோக்கியஜோசப்னு ஒருத்தர். நுரையீரல் கெட்டுப் போனதால விமானத்துல ஏறக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. அவரு மனைவி நம்ம நாட்டுக் குடிமகள். அவருக்கு மருந்து வாங்குறதே அந்தம்மாவோட முதியோர் தொகையிலதான். அந்தத் தொகைக்காக அந்தம்மா ஒன்பது மாசம் இங்க தனியா கிடக்குறாங்க. நாப்பத்தாறு வருஷம் சேந்து வாழ்ந்தவங்கள ஒரு சட்டம் பிரிக்கலாமா?' அவ்வளவுதான். சபையே அழுதுச்சு. செய்ன் ஆத்துல தண்ணி ரெண்டு அடி ஏறிடுச்சாம்.

— ஏறுச்சு, ஏறுச்சு. நாலாவது மாடியில எங்க வீட்டுக்குள்ள மீன் நீந்துது.

— என்ன மீனு?

— ஐஸ் மீனுதான். இங்க வேற என்னத்தக் கண்டோம்...

— ...இன்னிக்கு இங்க நல்ல நண்டு வந்துச்சு. வாங்கல.

— ஏன் வாங்கல?

— ஓட்டை உடைச்சித் தர ஆளில்ல... மேரி? லைன்ல இருக்கியா?

— இருக்கேன். ஆன்லின் என்னமோ கேட்டா. இருடி, அப்பாகிட்ட பேசிக்கிட்டிருக்கேன்ல! ஆமா, உங்க கதை அந்தம்மாவுக்கு எப்படித் தெரியும்? கனவுல வந்து சொன்னீங்களா?

— கடுதாசி போட்டேன். எட்டு மாசத்துக்கு முன்னால. தெட்சிணாமூர்த்தி சார் எழுதுனாரு, நான் கையெழுத்துப் போட்டேன். கையெழுத்த மட்டும் பெருசாப் போட்டேன், அங்கேருந்து பாத்தாத் தெரியணும்ல.

— எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே.

— சொன்னா நீ வேண்டாம்பே. 'எனக்கென்ன குறை, ஹீட்டர் இருக்கு, லிப்ட் இருக்கு, பேத்தி இனியா இருக்கா'ன்னு போன் எடுத்தா அதத்தானே படிக்கிற.

— இருக்கத்தானே செய்யுது.

— இருக்கட்டும். நான் இல்லேங்கல.

— இங்க பாருங்க, உங்களுக்கு இந்த ஊரு சபையப் பத்தித் தெரியாது. அஞ்சு வருஷம் இருக்க வேண்டிய சபைய ரெண்டே வருஷத்துல கலைச்சி, பாதியில தேர்தல் வச்சாங்களே... அதுலேருந்து ஒண்ணும் நகர மாட்டேங்குது. மூணு கூட்டமாப் பிரிஞ்சி கிடக்கு. எந்தக் கூட்டத்துக்கும் பாதி ஆளு இல்ல. ஒண்ணு மசோதா கொண்டாந்தா மத்த ரெண்டும் சேந்து தோக்கடிக்குது.

— ஆனா ஆறு மாசம் போதும்னு மூணு கூட்டமுமே சொல்லுதாமே? தெட்சிணாமூர்த்தி சார் சொன்னாரு.

— சொல்லுது. அதுக்குன்னு மூணும் தனித்தனியா ஒரு மசோதா வச்சிருக்கு. அவன் மசோதாவுக்கு இவன் கை தூக்க மாட்டான். நல்ல பேரு அவனுக்குப் போயிடுமாம்.

— அடேயப்பா! மூணு மசோதாவா? மூணாறு பதினெட்டு. மூணையும் நிறைவேத்துனா வருஷத்துல பதினெட்டு மாசம் நீ காரைக்கால்ல இருக்கலாமே!

— கடவுளே... இந்த மனுஷனக் கட்டிக்கிட்டு...

— இதுக்கெல்லாம் யாரு காரணம்? நீங்கதான். அந்தத் தேர்தல்ல நீ ஒரு கட்சிக்குப் போட்ட, ஆன்லின் ஒண்ணுக்குப் போட்டா, மாப்பிள்ளை மூணாவதுக்குப் போட்டாரு. ஒரே வீட்டுலேருந்து, ஒரே கார்ல போயி, பிரான்சை மூணாப் பொளந்துட்டு வந்து பிரியாணி சாப்பிட்டவங்கதானே நீங்க!

— யாருக்குப் போட்டேன்னு உங்ககிட்ட சொன்னேன் பாருங்க, எம் புத்தி! இங்க சாப்பாட்டு மேசையிலயே ஒரு சட்டம் நிறைவேற மாட்டேங்குது. நான் சோறும்பேன், மாப்பிள்ளை ரொட்டிம்பாரு, ஆன்லின் ரெண்டும் வேண்டாம் சூப்புங்குறா. மூணு பேருக்கும் பசி. எட்டு மணி வரைக்கும் அடுப்பு பத்தல.

— அப்புறம் யாரு ஜெயிக்கிறது?

— நேத்து வச்ச மிச்சம்தான் ஜெயிக்கிது. புதுசா ஒண்ணும் வராட்டி பழசுதானே? அந்த ஒன்பது மாசமும் அப்படித்தான். அது நல்லதுன்னு இங்க ஒருத்தரும் சொல்லல. மாத்த ஆளில்லாம நிக்கிது.

— மாத்திடுவாங்க மேரி. இன்னிக்கு இல்லாட்டி...

— நேத்து ராத்திரி அரசாங்கமே கவுந்துடுச்சு. அது தெரியுமா உங்களுக்கு?

— தெரியும். காலையிலேயே தெட்சிணாமூர்த்தி சார் வந்து சொல்லிட்டாரு.

— தெரிஞ்சிக்கிட்டேவா ஜூன்ல டிக்கெட் போடச் சொன்னீங்க?

— கவுந்தா என்ன? எதனால கவுந்துச்சு? என் பேரு பட்டுத்தான் கவுந்துச்சு! உலகத்துல எவனாவது காரைக்கால்ல உக்காந்துக்கிட்டு, ஓட்டே இல்லாம, ஒரு பிரெஞ்சு அரசாங்கத்தத் தள்ளிவிட்டிருக்கானா? நான் லேசா இருமுனேன், அவ்வளவுதான்...

— இப்ப நெஜமாவே இருமுறீங்க. தண்ணி குடிங்க. குடிச்சீங்களா?

— குடிச்சேன்.

— விளையாட்டு இல்லங்க. 'வர்ற வருஷத்துக்குள்ள வழி பண்றேன், அந்த அம்மாவையும் அய்யாவையும் நான் மறக்க மாட்டேன்'னு சொன்ன மந்திரி இன்னிக்கு மந்திரியாவே இல்ல. புதுசா ஒருத்தர் வரணும், அவருக்கு ஆனா ஆவன்னாவுலேருந்து சொல்லணும். அந்தாளு எத்தனை நாளைக்கு இருப்பாரோ. நீங்க ஆசைய வளத்துக்காதீங்க. மார்ச்சு பதினாலுன்னு போடச் சொல்லிடுறேன்.

— மேரி.

— என்ன?

— மந்திரி என்ன பதில் சொன்னாருன்னு நான் இன்னும் உங்கிட்ட சொல்லவே இல்லியே.

— ...பேப்பர்ல பாத்திருப்பேன்.

— பேப்பர்லயா? காலங்காத்தால ஒன்பது மணிக்கு, காலி நாற்காலிங்களப் பாத்துக் கேட்ட கேள்வி. அத எந்தப் பேப்பர்ல போட்டான்?

— இப்ப காலி நாற்காலிங்குறீங்க! ஐநூத்தி எழுபத்தேழு பேரு எந்திரிச்சி நின்னாங்கன்னீங்க?

— அத விடு. அது நான் போட்ட உப்பு. நீ இதுக்கு பதில் சொல்லு. அந்தம்மா இன்னொண்ணும் சொன்னாங்க. 'அவர் தினமும் மாலை ஐந்து மணிக்கு மனைவிக்குப் போன் செய்கிறார். ஒரு பெரிய பொய் சொல்கிறார். அதைக் கேட்டுச் சிரித்துவிட்டுத்தான் அந்தம்மா அன்றைக்குச் சாப்பிடுகிறார்.' தெட்சிணாமூர்த்தி சார் இத தமிழ்ல சொல்லும்போது பாதியில நிறுத்திட்டாரு. கண்ணாடியக் கழட்டித் தொடைச்சாரு. எங்க கடுதாசியில இது கிடையாது, மேரி. நான் எழுதச் சொல்லல. எனக்கே தெரியாது, நீ அதுக்கப்புறம்தான் சாப்பிடுறேன்னு.

— ஆன்லின் யாருகிட்டயாவது சொல்லியிருப்பா.

— ஆன்லின்கிட்ட மொத நாளே கேட்டுட்டேன். 'எனக்கு ஒண்ணும் தெரியாதுப்பா, அம்மாகிட்ட கேளுங்க'ன்னு சொல்லிட்டு வச்சிட்டா. ஒன்பது நாளாக் காத்திருந்தேன். நீயாச் சொல்லுவேன்னு.

— என்னத்தச் சொல்லணும்?

— மேல பாக்க வர்றவங்க உக்காருற மாடம் இருக்குல்ல, அத ஒரு தடவ காமிச்சான். கேள்வி ஆரம்பிக்கிறதுக்கு முன்னால. ரெண்டே செகண்டு. ஓரத்துல ஒரு மாம்பழக் கலர் புடவை, அதுக்கு மேல கறுப்புக் கோட்டு.

— பாரீசுல புடவை கட்டுறவ நான் ஒருத்திதானா? இங்க தெருவுக்குத் தெரு...

— நான் முப்பத்தெட்டு வருஷம் தியேட்டர்ல படம் ஓட்டுனவன். ரீல் ஓடுற ஓட்டத்துல ஒரு மயிர் விழுந்தாக்கூட எனக்குத் தெரியும். அந்தப் பொம்பள முந்தானைய ரெண்டா மடிச்சி மூக்கத் தொடைச்சா. கர்ச்சீப்பு பைக்குள்ள இருந்தும் முந்தானையில தொடைக்கிறவ எனக்குத் தெரிஞ்சி உலகத்துலயே ஒருத்திதான்.

— இருங்க, ஒரு நிமிஷம்...

— அழுவுறியா?

— இல்ல. இங்க குளிரு. மூக்கு ஒழுகுது.

— ஹீட்டர் இருக்குன்னியே.

— பேசாம இருங்க...

— சரி. பேசல. டிக்கெட்ட மார்ச்சு பதினாலுக்கே போடச் சொல்லு. சட்டம் வராது, எனக்கும் தெரியும். நானும் பத்திரிகை படிக்கிறவன்தான். மூணு மாசம்னா மூணு மாசம். தொண்ணூறு நாளும் நண்டு வாங்குறேன். ஐநூத்தி எழுபத்தேழு பேரும் நிக்கல, ஒருத்தருமே நிக்கல. ஒரு மனுஷன் கொட்டாவி விட்டான், இன்னொருத்தன் போன் பாத்துக்கிட்டிருந்தான், பாத்தேன். எல்லாம் ஒத்துக்குறேன். நீ ஒண்ணே ஒண்ண ஒத்துக்க. அந்த மாடத்துல இருந்தது நீதானே?

— ...நான்தாங்க. நாலு வெள்ளிக்கிழமை அந்தம்மா ஆபீசு வாசல்ல போயி நின்னேன், இனியாவ மொழிபெயர்க்கக் கூட்டிக்கிட்டு. நீங்க கடுதாசி போட்டதே எனக்கு இன்னிக்குத்தான் தெரியும். இங்க சௌகரியமா இருக்கேன்னு தினம் உங்ககிட்ட சொல்லிட்டு, என்னைய ஊருக்கு அனுப்புங்கன்னு போயி நின்னத எந்த வாயால சொல்றது? சொன்னா நீங்களும் ஆசைய வளத்துக்குவீங்க. அதான் சொல்லல. ஆனா ஒண்ணு... ஒருத்தருமே நிக்கலன்னு சொல்லாதீங்க. காரைக்கால், ஆரோக்கியஜோசப்னு அந்தம்மா வாயிலேருந்து வந்தப்ப, மேல ஒருத்தி எந்திரிச்சிட்டா. காவலுக்கு இருந்த ஆளு ஓடி வந்து, இங்க நிக்கக் கூடாது, உக்காருங்கன்னு கையக் கையக் காட்டுனான். அந்தம்மா பேசி முடிக்கிற வரைக்கும் நான் உக்காரலங்க.