மாத்திரை அட்டை

உங்கள் சுவரில் ஒட்டியிருக்கிற தொலைபேசி எண் பட்டியலில் தேநீர் தெறித்து மூன்று எண்கள் கரைந்துபோயிருக்கின்றன, ஐயா. குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். இருபத்திரண்டு வருடமாக லேமினேஷன் கடை வைத்திருப்பவனுக்குக் கண் தானாக அங்கேதான் போகும்.

லேமினேஷனின் அருமையை ஜனங்கள் பாதிதான் அறிந்திருக்கிறார்கள். தண்ணீர் இறங்காது, கிழியாது, எண்ணெய்க்கை பட்டால் துடைத்துவிடலாம். அத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். பெரிய நன்மை வேறு. லேமினேட் செய்த தாளை யாரும் சந்தேகப்படுவதில்லை. தெருமுனை வக்கீலின் அலுவலகக் கழிவறைக்கு, 'ஆண்களும் உட்கார்ந்தே போகவும்' என்று ஒன்று செய்துகொடுத்தேன். பேனாவில் எழுதி ஒட்டியிருந்தபோது ஒருவரும் மதிக்கவில்லை. என்னுடையதை ஒட்டிய பிறகு, ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவரே கீழ்ப்படிந்தாராம்.

வீட்டிலும் எதையும் விட்டுவைக்கவில்லை. குழாய்க்காரர் எண், துணி துவைக்கும் இயந்திரத்தின் விதிமுறை, பூனையின் தடுப்பூசிச் சீட்டு. "இந்த வீட்டுல நீங்க லேமினேட் பண்ணாதது உங்க அண்ணனை மட்டும்தான் தம்பி" என்று அண்ணி சிரிப்பார்.

அண்ணன் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். வீடு அவருடையது, முன்னறை என் கடை. என்னை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. வாடிக்கையாளர் நிறைந்திருக்கும்போதும் "டேய் பிளாஸ்டிக்" என்றுதான் குரல் வரும். அதையெல்லாம் மனதில் வைத்துக்கொள்கிற ஆள் இல்லை நான். போன வருடம் மட்டும் நானூற்றுப் பதினொரு தடவை.

அவருக்கு இதய வால்வு மாற்றியிருந்தது. ரத்தம் உறையாமலிருக்க தினமும் இரவு ஒரு ரோஸ் நிற மாத்திரை. மருத்துவரின் கையெழுத்து, கோழி கிளறிய மாதிரி இருக்கும். அதனால் 'ரோஸ் மாத்திரை, தினம் இரவு ஒன்று' என்று நானே பெரிய எழுத்தில் தட்டச்சு செய்து, ஒரு திங்கட்கிழமை காலை லேமினேட் செய்து குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டினேன். ஒரு குமிழிகூட இல்லை. நான்கு முனையும் வளைத்து வெட்டியது. என் வாழ்நாளில் செய்த சிறந்த அட்டை அதுதான்.

அண்ணன் அதைப் பார்த்தார். நன்றாயிருக்கிறது என்று சொல்லவில்லை. "டேய் பிளாஸ்டிக், அடுத்த மாசம் என் மாப்பிள்ளை முன்னறையில பல் கிளினிக் வைக்கிறான். உன் சாமானையெல்லாம் மாடிக்குத் தூக்கிடு" என்றார்.

"மாடிக்கு யாருண்ணே ஏறி வருவாங்க?"

"வராட்டி என்ன? நாடு முழுகிடுமா?"

அன்று மதியம் மூன்று மணிக்கு மருத்துவமனையிலிருந்து போன். நான்தான் எடுத்தேன். நர்ஸ் பேசினார். "ரத்தப் பரிசோதனை முடிவு வந்திருக்கு. ரத்தம் ரொம்ப நீர்த்துப் போயிருக்கு. அந்த ரோஸ் மாத்திரையை இன்னிக்கே நிறுத்திடுங்க. வெள்ளிக்கிழமை அவரைக் கண்டிப்பா கூட்டிட்டு வாங்க. புரிஞ்சுதா?"

"நல்லாப் புரிஞ்சுதும்மா" என்றேன். புரியாமல் இல்லை ஐயா. அதை எழுதிக்கொள்ளுங்கள்.

சமையலறைக்குப் போய் அட்டையைப் பார்த்தேன். லேமினேட் செய்ததில் அடித்து எழுத முடியாது. பிரித்தால் மை பிளாஸ்டிக்கோடு வந்துவிடும். வெட்டித்தான் எறிய வேண்டும். குமிழியே இல்லாத ஒன்றை எறிய மனம் வரவில்லை.

புதன்கிழமை அண்ணனின் ஈறில் ரத்தம். வியாழக்கிழமை மூக்கில். முழங்கையில் கத்தரிக்காய் நிறத்தில் ஒரு திட்டு.

"மாத்திரை ஜாஸ்தியா இருக்குமோ தம்பி? ஆஸ்பத்திரியில கேட்டுப் பாக்கலாமா?" என்றார் அண்ணி.

"அட்டையில என்ன போட்டிருக்கு அண்ணி?"

"ஒண்ணுன்னுதான் போட்டிருக்கு."

"அப்புறம் என்ன?"

அவர் முகம் தெளிந்துவிட்டது. அந்த நிம்மதியை அவருக்குக் கொடுத்தவன் நான். வெள்ளிக்கிழமை நானே மருத்துவமனைக்குப் போன் செய்து, அண்ணன் வெளியூர் போயிருக்கிறார், அடுத்த வாரம் அழைத்து வருகிறேன் என்று சொன்னேன். அவர் வராவிட்டால் அந்தப் பெண் வீணாகக் கவலைப்படுவாரே.

ஞாயிறு காலை அண்ணன் குளியலறையில் சரிந்தார். மூளையில் ரத்தக்கசிவு. ஆம்புலன்ஸ் வரும்வரை தலையை என் மடியில் வைத்திருந்தேன். வாய் கோணி, வார்த்தை வராமல் என்னையே பார்த்தார். வந்திருந்தால் என்ன சொல்லிக் கூப்பிட்டிருப்பார் என்று எனக்குத் தெரியும்.

அண்ணன் இறந்த மூன்றாம் நாள் அந்த நர்ஸ் துக்கம் விசாரிக்க வந்தார். அழுதுகொண்டே, "நான் திங்கட்கிழமையே மாத்திரையை நிறுத்தச் சொன்னேனேம்மா, ஒரு ஆம்பளைதான் எடுத்தார்" என்றார். அண்ணி அழவில்லை. என்னைப் பார்த்தார்.

"தம்பி, போன்ல சொன்னாங்களாமே?"

"அட்டையில இல்லையே அண்ணி" என்றேன்.

அவர்தான் ஸ்டேஷனுக்குப் போன் செய்து உங்களை அழைத்தார். வருத்தமில்லை. துக்கத்தில் இருப்பவர்களுக்கு யாரையாவது கைகாட்ட வேண்டியிருக்கும்.

முன்னறைக்காகச் செய்தேனா என்று கேட்கிறீர்கள். முன்னறை இப்போதும் என்னிடம்தான் இருக்கிறது என்பது தற்செயல். நிறுத்தச் சொன்னது எனக்குத் தெரியும். நிறுத்தாவிட்டால் என்ன ஆகும் என்பதும் தெரியும். திங்கள் முதல் சனி வரை ஆறு மாத்திரையையும் நானே தண்ணீரோடு கொண்டுபோய், அவர் விழுங்கும்வரை நின்று பார்த்துவிட்டு வந்தேன். இருபத்திரண்டு வருடத்தில் நான் செய்துகொடுத்த ஒன்றை அண்ணன் மதித்து நடந்தது அந்த ஆறு நாள்தான் ஐயா. அதை என் கையாலேயே கெடுத்துக்கொள்ள எந்தத் தம்பிக்கு மனம் வரும்?