செத்துடுச்சாக்கா?

கிட்டே வந்து உட்காருங்கள் கண்ணுகளா, மேசையில் மட்டும் கை வைக்காதீர்கள். ஒரு கதை சொல்கிறேன், என் தம்பியின் கதை. அவனுக்கு டீயில் எப்போதும் சர்க்கரை கூடுதலாக வேண்டும்.

பகலில் லிஃப்ட் பழுது பார்ப்பான். வேலை முடிந்து வந்தால் இந்த மேசைதான். வீட்டு மின்சாரத்தைப் பல ஆயிரம் வோல்ட்டாக ஏற்றி, டையோடுகளை வரிசையாகக் கோத்து, ஒரே திசையில் ஓடவிடுவான். ரெக்டிஃபயர் என்று பேர். எதற்கு என்று கேட்காதீர்கள். இரண்டு கம்பிகளுக்கு நடுவே நீலமாக ஒரு பொறி தாவும். அதைப் பார்க்கத்தான் அத்தனை பாடும்.

ஆபத்து அந்தப் பொறியில் இல்லை. சுவிட்சை அணைத்த பிறகும், டப்பா டப்பாவாக நிற்கும் கண்டென்சர்கள் வாங்கிய மின்சாரத்தை வயிற்றில் வைத்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருக்கும். மண்ணுக்குக் கம்பி போகும், கட்டைப்பிடி போட்ட எர்த் கொக்கியால் தொட்டு அதைத் தரைக்குள் இறக்க வேண்டும். அது என் வேலை. “செத்துடுச்சாக்கா?” என்பான். நான் கொக்கியை வைப்பேன், சடக்கென்று கேட்கும். “செத்துடுச்சுடா” என்பேன். அந்தச் சொல் காதில் விழாமல் அவன் விரல் நீளாது. அம்மா போன பிறகு அவனை வளர்த்தவள் நான். என் பேச்சை அவன் சரிபார்த்ததே இல்லை.

பிறகு கல்யாணம் நிச்சயமானது. பெண் தையல் கடை வைத்திருந்தாள், தங்கமான பெண். அவள் ஊரிலேயே வீடும் பார்த்துவிட்டார்கள். ஒரு நாள் பொறி காட்ட அவளை அழைத்து வந்தான்.

“இது என்னங்க, மணி கோத்த மாதிரி?”

“டையோடு. ஒரு பக்கம்தான் விடும். எங்க அக்கா மாதிரி. உள்ள விடுவாங்க, வெளிய விடமாட்டாங்க.”

“ஐயோ, அக்கா காதுல விழுதுங்க.”

“விழட்டுமே. ஏன்க்கா, நாங்க போனப்புறம் யாரைத் திட்டுவ?”

சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பொறி தாவியது. அவள் கைதட்டினாள். அவன் சுவிட்சை அணைத்துவிட்டு, அவளிடம் ஏதோ சொல்லிக்கொண்டே, கண்டென்சர் முனையில் தளர்ந்திருந்த திருகாணியை இறுக்கக் குனிந்தான்.

“செத்துடுச்சாக்கா?”

கொக்கி என் மடியில் இருந்தது.

“செத்துடுச்சுடா.”

அவன் விரல் நீண்டது. சடக்கென்று கேட்டது.

விசாரிக்க வந்த போலீஸ்காரர்களிடம், கை நடுங்கிவிட்டது, கொக்கி சரியாகப் படவில்லை என்றேன். அந்தப் பெண்தான் என்னைக் கட்டிக்கொண்டு, “அக்கா மேல தப்பே இல்ல சார்” என்று அழுதாள். என் கை நடுங்கவில்லை.

கண்டென்சருக்கு ஒரு குணம் உண்டு. கொன்ற பிறகும் சும்மா விட்டால், கொஞ்சம் உயிர் தானாக ஊறி வரும். அதனால் முனைகளைக் கம்பியால் சேர்த்துக் கட்டி வைத்திருக்கிறேன். ஆனாலும் பொழுது சாயும்போது மேசைப் பக்கமிருந்து கேட்கிறான். கோபமில்லை, அதே நம்பிக்கை. “செத்துடுச்சாக்கா?” கொக்கியை வைத்துப் பார்க்கிறேன். சத்தமே வருவதில்லை. மறுபடி வைத்துப் பார்க்கிறேன்.

தெரிந்தேதான் சொன்னேன். ஆனால் பொய் சொல்லவில்லை கண்ணுகளா. அவன் தொட்ட அடுத்த நொடியே அது செத்துத்தானே போனது? கொஞ்சம் முன்னால் சொல்லிவிட்டேன், அவ்வளவுதான். அவனும் எங்கேயும் போகவில்லை.

உங்கள் வீடும் அப்படியே நிறைந்திருக்கட்டும். உங்களை விட்டு யாரும் எங்கும் போகாதிருக்கட்டும்.