நாலாம் கிணத்துத் தண்ணி

வியாழக்கிழமை லாப்காரன் ஃபோனில கோல் எடுத்து, "நாலாம் கிணத்துத் தண்ணியில அமோனியா உச்சத்தில நிக்குது, எங்க எடுத்த தண்ணி இது?" எண்டு கேட்டவன், அன்ரி. அதோட எல்லாம் முடிஞ்சுது... அறக்குளா மீனை மொத்தமா வெட்டவோ, மெல்லிசாவோ? குழம்புக்கோ? சரி, மொத்தமா.

நான் இஞ்ச சனிக்கிழமையில மட்டும்தான். சித்தப்பான்ர மீன்கடை. மற்ற நாளில எனக்கு வேற வேலை, நிலத்தடித் தண்ணி பாக்கிறது. சிரிக்காதேங்கோ! வேல்ஸில ஒரு நிலக்கரிச் சுரங்கம். குகை மாதிரி இல்லை, மேல இருந்தே மலையை வழிச்சு எடுத்தது. இப்ப மூடியாச்சு. மூடினாப்போல தண்ணி சும்மா இருக்குமே? கிண்டின குழியுக்க இறங்கும், கல்லில உள்ளதெல்லாத்தையும் கரைச்சுக்கொண்டு ஊர்க் கிணறுகளுக்குப் போகும். அதுக்குத்தான் சுத்திவர நாலு குழாய்க் கிணறு அடிச்சு, மூண்டு மாசத்துக்கொருக்கா தண்ணி எடுத்துப் பாக்கிறம். இரும்பு கூடுதோ, கந்தகம் கூடுதோ எண்டு. அன்ரி, நிலத்துக்குக் கீழ தண்ணி நடக்குது, தெரியுமே? ஒரு நாளைக்கு இந்த மேசை நீளம்கூட வராது. ஆனா நடக்குது! நினைச்சா எனக்கு நித்திரையே வராது.

...செதில் தெறிச்சிட்டுதோ? சொறி, சொறி.

எங்க விட்டனான்? ஆ, அமோனியா. அங்க அது கூடினா எல்லாரும் முதல்ல மாட்டுச் சாணியைத்தான் பாப்பினம். சுரங்கக்காரருக்கு வாயெல்லாம் பல்லு. "பாத்தியளே, நாங்களில்லை, மேகனின்ர மாடு" எண்டு உடன கடிதம். மேகன் ஆரெண்டா, நாலாம் கிணத்துக்குப் பக்கத்துப் பண்ணைக்கார மனிசி. அறுபத்தெட்டு மாடு. திங்கக்கிழமை அரசாங்க ஆக்கள் வந்து அவவின்ர சாணிக் குழியைப் பூட்டப்போகினம். குழி இல்லாட்டி மாடு வைச்சிருக்கேலாது, விக்கத்தான் வேணும். நேத்து எனக்குக் கோல் எடுத்தவ. "நான் உனக்கு ஒரு கோப்பை ரீ தந்தனான் எல்லே" எண்டா. வேற ஒண்டும் சொல்லேல்லை, வைச்சிட்டா.

தண்ணி எடுக்கப் போனண்டு ரீ தந்தவதான். கேக்கும் தந்தவ.

அதுக்கு நான் என்ன செய்ய? லாப்காரன்தான் பிழை விட்டிருப்பான். நான் எவ்வளவு கவனம்! ஒவ்வொரு கிணத்துக்கும் புதுக் கிளவுஸ், தனி ரியூப். நிண்ட பழந்தண்ணியை இறைச்சு ஊத்திப்போட்டு, புதுத் தண்ணி வந்தாப் பிறகுதான் போத்தில். கடைசியா ஒரு சோதினை இருக்கு. கொண்டுபோற சுத்தத் தண்ணியை அதே ரியூப்பால விட்டு ஒரு போத்தில் எடுக்கோணும். ரியூப்பில ஊத்தை இருந்தா அது காட்டிக்குடுத்திடும். மூண்டு கிணத்திலயும் செய்தனான். நாலாவதில... றெயினுக்கு நேரமாப்போச்சு. விடுங்கோ, அது புத்தம்புது ரியூப். கொம்பனிப் பெட்டியுக்க மூண்டுதான் அடங்கிச்சு. அதால நாலாவதை இஞ்சயிருந்து ஒரு வெள்ளை, பாரமில்லாத றெஜிபோம் பெட்டியில சுத்திவைச்சுக் கொண்டுபோனனான். திருப்பிக் கொண்டந்திட்டன், அந்தா, உங்களுக்குப் பின்னால கிடக்கு. நாலு எண்டு மாக்கரால எழுதியிருக்கு.

என்ன அன்ரி, அப்பிடிப் பாக்கிறியள்? பெட்டியை மூண்டு தரம் கழுவினனான்.

மணந்ததுதான். இந்தக் கடையில நிக்கிற ஆருக்கு மணம் தெரியுது?

...

ஓம்.

மீன் வந்த பெட்டி.

மீன் கிடந்து ஊறின தண்ணியில அமோனியா இருக்கும் அன்ரி. கம்பஸில படிச்சனான். அந்தப் பாடத்துக்கு நல்ல மாக்ஸ்கூட எடுத்தனான்.

அப்ப மாட்டில பிழையில்லை. மேகனிலயும் இல்லை. பொறுங்கோ... திங்கக்கிழமைதான் எனக்கும் மீற்றிங். ஆறு மாசம் முடியுது, வேலையில வைச்சிருக்கிறதோ இல்லையோ எண்டு சொல்லுவினம். நான் வாயைப் பொத்திக்கொண்டிருந்தா ஆருக்கும் தெரியாது. வேலை எனக்கு. அறுபத்தெட்டு மாடும் வித்துப்போம்.

சீ. ரீ வேற தந்து துலைச்சிட்டா.

அன்ரி, இந்த ஃபோனை ஒருக்காப் பிடிக்கிறியளே, என்ர கையெல்லாம் செதில்? இல்லையோ? சரி, தராசில வைச்சு ஸ்பீக்கரில விடுறன். எங்கட கொம்பனி மனேஜர் றொஷான் அண்ணை. எங்கட ஆள்தான், இல்ஃபோர்ட்டில வளந்தவர், சனிக்கிழமையும் எடுப்பார். றிங் போகுது.

உங்கட அறக்குளாவோ? ஓம், இண்டைக்குக் காலமை அதே பெட்டியுக்கதான் கிடந்தது. ஆனா அன்ரி, ரியூப்பால மீனுக்கு ஒண்டும்... அன்ரி, கதவைத் தள்ளாதேங்கோ, இழுக்கோணும்! அன்ரி, வெட்டிப்போட்டன்!

...ஹலோ, றொஷான் அண்ணை? ஓம், கோசிகா கதைக்கிறன். அந்த நாலாம் கிணறு. அது மாட்டின்ர இல்லை அண்ணை. மீனின்ர. ஓம், மீன். என்ர பெட்டிதான், என்ர பிழைதான். திங்கக்கிழமை மேகன் வீட்டுக்கு ஒருத்தரும் போகவேண்டாம் எண்டு இப்பவே சொல்லுங்கோ. ஓம். ஓம், அறக்குளா.

...அண்ணை? லைனில நிக்கிறியளோ? உங்களுக்கும் எப்பவாவது இப்பிடி நடந்திருக்கோ?