கூட வந்தவர் பெயர்

...இல்ல தம்பி, கைக்கு... ஏன் கேக்கறேன்னா, இது எமர்ஜென்சியா, பாஸ்போர்ட் ஆபீசா? டோக்கனு, ஏசி, தண்ணி கேனு... அந்த மூலைல பாருங்க, ஒரு பொண்ணு லேப்டாப்ப மடியில வெச்சு மீட்டிங் பேசிட்டிருக்கு! மனநோய் எமர்ஜென்சில உக்காந்துட்டு, "கேன் யூ ஹியர் மீ"ங்குது. ஹவ் ஹவ், ஆமாம்மா, இங்க எல்லாருக்கும் நல்லாவே கேக்குது!

இந்தத் தெலுங்கு ஊர்ல நீங்க போன்ல தமிழ் பேசினீங்க, அதான் பக்கத்துல வந்து உக்காந்தேன். நான் தியாகு. ரயில்வே ஒர்க் ஷாப்புல ஃபிட்டரு. ரிட்டையராகி மூணு வருஷம். வீடு இதே ஊர்ல, மாரெட்பள்ளி.

எங்க காலத்துல இங்க யாருங்க தானா வந்தா? தொண்ணூத்தெட்டுல எங்க ஷாப்பு இராமச்சந்திரன நாங்கதான் கொண்டாந்தோம். நாலு பேரு, ஒரு டிராலி ஆட்டோ, ஒரு நைலான் கயிறு. என் கைய கடிச்சான் பாருங்க, இதோ தழும்பு. அது எமர்ஜென்சி! இப்ப? போன்ல ஆட்டோ புக் பண்ணி வந்து, டிரைவருக்கு அஞ்சு ஸ்டார் குடுத்துட்டு எறங்கறாங்க...

எனக்கா? அரே நக்கோ நக்கோ, எனக்கு ஒண்ணுமில்ல. நெஞ்சு... நெஞ்சுதான். திடீர்னு படபடன்னு அடிக்கும், வேர்த்துக் கொட்டும், இதோ போயிட்டேன்னு தோணும். மூணு தடவ ஹார்ட் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். ஈசிஜி அழகா இருக்காம்! நேத்து அந்த டாக்டரு கையெடுத்துக் கும்பிட்டுட்டாரு. "சார், என் ஹார்ட்ட விட உங்களது நல்லா இருக்கு"ன்னு சொல்லி இங்க எழுதிக் குடுத்துட்டாரு.

வீட்ல சொல்லல. எந்த மூஞ்சிய வெச்சிட்டு சொல்றது? என் பொண்ணு அஸ்வினி, ஐடில இருக்கா. போன வருஷம் அவளுக்கு இதே படபடப்பு. தனியா இங்க வந்து காட்டிட்டு, வீட்டுக்கு வந்து எங்கிட்ட சொன்னா. நான் என்ன கேட்டேன் தெரியுமா? "கயிறு எங்கடி?"ன்னு கேட்டேன். பெரிய ஜோக்கு! டோக்கன் வாங்கத் தெரியுது, கியூல நிக்கத் தெரியுது, ஒனக்கு என்னடி எமர்ஜென்சின்னு நானே சொல்லி நானே சிரிச்சேன். அவ சிரிக்கல.

அவளோட ஆஸ்பத்திரி சீட்டு மேச மேல கெடந்துது. கூட வந்தவர் பெயர்னு ஒரு கட்டம் இருக்கும் பாருங்க... அதுல சின்னதா ஒரு கோடு. அவ்ளோதான். அதுக்கப்புறம் தலவலின்னு கூட எங்கிட்ட சொன்னதில்ல.

இன்னிக்கு நான்? சொந்தக் கால்ல நடந்து வந்தேன், டோக்கன் வாங்கினேன், ஸ்பெல்லிங் தப்பில்லாம பேர் எழுதினேன். அதே கட்டத்துல அதே கோடு. கயிறு எங்கடா தியாகு?

இருங்க, போனு... அய்யய்யோ, அவதான்! ...ஹலோ... இல்லம்மா, சும்மா கடைக்கு... என்னது? ...சரி... சரிம்மா.

"எக்கட உன்னாவ் அப்பா, கதலக்கு, வஸ்துன்னா"ங்கறா. எங்க இருக்க, நகராத, வரேன்னு. நான் தமிழ்ல கேட்டா அவ தெலுங்குல சொல்லுவா, எங்க வீட்ல அப்பிடித்தான். ஆஸ்பத்திரிலேர்ந்து அவளுக்கு மெசேஜ் போயிருக்கு தம்பி! எம் பேரு, டோக்கன் நம்பர், எல்லாம் போட்டு! எப்பிடி... சீட்ட பாருங்க, மொபைல் நம்பர் கட்டத்துல அவ நம்பரு! கேஸுக்கு, கரண்டு பில்லுக்கு, ஆதாருக்கு, எல்லா ஃபாரத்துலயும் அவ நம்பர்தான். ஓடிபிய அவதான் படிச்சு சொல்லுவா. கை தானா எழுதித் தொலச்சிருக்கு! யாருக்குத் தெரியக் கூடாதோ அவளுக்கே சொல்லியனுப்பிருக்கேன் பாருங்க, என்ன மாதிரி மூள!

வந்து கயிறு எங்கன்னு கேப்பாளா? கேக்கட்டும். கேக்கணும். ஒண்ணும் கேக்காம பக்கத்துல உக்காந்துட்டான்னாதான் தாங்காது.

ஓ, ஒங்க டோக்கனா? போங்க போங்க, பயப்படாதீங்க... தம்பி, ஒரு நிமிஷம்! அந்தப் பேனாவ குடுத்துட்டுப் போங்க. அவ வர்றதுக்குள்ள இந்தக் கோட்ட அடிச்சிட்டு அவ பேர எழுதணும்.