நன்றாகக் காய்ந்த மரம்

முதலில் ஒரு சின்னத் திருத்தம், இன்ஸ்பெக்டர் மேடம். 'சரியாகக் காயாத மரத்தில் செய்த வில் என்பதால் உடைந்தது' என்று உங்கள் அறிக்கையில் எழுதியிருக்கிறது. பேப்பரிலும் அப்படியே போட்டுவிட்டார்கள். அது தப்பு. அதைச் சொல்லத்தான் காலையில் குறிஞ்சிப்பாடியில் பஸ் ஏறி சிதம்பரம் வந்தேன். நான் குற்றத்தை ஒப்புக்கொள்ள வந்திருப்பதாக ஏட்டு தேவசகாயம் சார் நினைத்துக்கொண்டு டீயெல்லாம் வாங்கிக் கொடுத்தார். அதையும் சொல்கிறேன். ஆனால் மரத்தை முதலில் பேசிவிடுவோம்.

காயாத மரம் உடையாது. ஈரம் இருக்கும் மரத்தை வளைத்தால் வளைந்தபடியே நின்றுவிடும், கல்யாணமான புதுசில் மாப்பிள்ளைகள் நிற்பதுபோல. அம்பு பத்தடிகூடப் போகாது. இது தெரியாதவர்கள் அறிக்கை எழுதுவதில் எனக்கு வருத்தம் இல்லை. உங்களுக்கு ஆயிரம் வேலை. ஆனால் நான் இருபது வருஷமாக மரவில் செய்கிறவன். பாண்டிச்சேரியிலும் பெங்களூரிலும் வில் பழகுகிறவர்கள் என்னிடம் பெயர் பதிந்துவிட்டுக் காத்திருக்கிறார்கள். கொளஞ்சி காயாத மரத்தில் வில் செய்தான் என்று யாரும் சொல்லக்கூடாது.

என் தங்கை கனிமொழியே ஆஸ்பத்திரியில் அப்படிச் சொன்னாளாம். "எங்கண்ணன் மேல தப்பில்ல. மரம் சரியா காயல போலருக்கு." ஒரு கண்ணில் கட்டுப் போட்டுப் படுத்திருக்கும் பெண் என்னைக் காப்பாற்ற நினைத்துச் சொன்ன வார்த்தை. நல்ல மனசு. ஆனால் அவளுக்கே தெரியும், என் மரம் காயாமல் இருக்காது. பதினான்கு வயதிலிருந்து என் பட்டறையில் வளர்ந்தவள். அப்பாவும் அம்மாவும் ஒரே வருஷத்தில் போன பிறகு அவளுக்கு நான்தான் எல்லாம். எந்த வில் முடிந்தாலும் முதலில் இழுத்துப் பார்ப்பது அவள்தான். கண்ணை மூடிக்கொண்டு நாணை இழுத்து, "மேல் கை கொஞ்சம் முரண்டு பண்ணுதுண்ணா" என்பாள். வில்லின் மேல் பாதியைச் சீவிப் பார்த்தால் அங்கேதான் தடிப்பாக இருக்கும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், தை மாதம், திருவதிகை கோயிலில் அவளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை சிலம்பரசன், சிதம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியார். ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளுக்கு வில் பழக்குகிறவர். தங்கமான மனுஷர். அதை நான் எங்கேயும் மறுக்கமாட்டேன். கல்யாணத்துக்கு என்ன சீர் வேண்டும் என்று கேட்டேன். "ஒங்க கையால ஒரு வில்லு, மச்சான். அவ்ளோதான்" என்றார்.

மாசியில் கல்வராயன் மலை அடிவாரத்தில் ஒருவர் நிலத்தில் நின்ற சடச்சி மரத்தை அவர் அனுமதியோடு வெட்டினேன். மாசியில் மரத்துக்குள் நீரோட்டம் குறைவு. வாளால் அறுக்காமல், ஆப்பு அடித்து நார் போன வழியிலேயே பிளந்தேன். பட்டையை உரித்து, இரண்டு முனையிலும் மெழுகு பூசினேன். முனைகள் திறந்திருந்தால் அங்கே மட்டும் சீக்கிரம் காய்ந்து வெடித்துவிடும். பிறகு நிழலில், காற்றுப் போக இடைவெளி விட்டு அடுக்கி, மேலே கல்லை வைத்தேன். வாரம் ஒருமுறை எடை போட்டு மரத்தின் மேலேயே சாக்பீஸால் எழுதுவேன். எடை குறைவது என்றைக்கு நிற்கிறதோ அன்றைக்குத்தான் மரம் தயார். அதில் அவசரம் உதவாது.

மாப்பிள்ளைக்கு அவசரம். வரும்போதெல்லாம் அடுக்கைப் பார்த்து, "என்ன மச்சான், மரம் காயுதா, நீங்க காயிறீங்களா?" என்று கேட்பார்.

"ரெண்டுமே நெழல்லதான் மாப்ள காயுது" என்பேன். எல்லோரும் சிரிப்போம். கனிமொழிதான் ரொம்பச் சிரிப்பாள்.

முதலில் சனிக்கிழமை தவறாமல் வந்தாள். அப்புறம் மாதம் ஒருமுறை. அப்புறம் பொங்கலுக்கு. எனக்கு ஒன்றும் குறை இல்லை. பெண்கள் என்றால் புருஷன் வீட்டில்தானே இருப்பார்கள். முடித்த வில்லை நானே இழுத்துப் பார்க்கப் பழகிக்கொண்டேன். ஆறு பேர் திருப்பி அனுப்பினார்கள், அவ்வளவுதான்.

இந்தப் பங்குனியில் போன் பண்ணினாள்.

"அண்ணா, அவுருக்கு மஸ்கட்ல ஸ்கூல் வேல கெடச்சிருக்கு. ஆனியில கெளம்புறோம்."

"எத்தன வருஷம்?"

"அங்கயே செட்டில் ஆயிடலாம்னு பாக்குறோம்ணா."

"சாப்ட்டியா?" என்று கேட்டேன். சாப்பிட்டாளாம்.

அன்றைக்குச் சடச்சிக் கட்டையை எடை போட்டேன். மூன்று மாதமாக எடை மாறவில்லை. அருமையாகக் காய்ந்திருந்தது. அதை எடுத்துக்கொண்டு பக்கத்துத் தெரு இருசம்மாள் அக்காவிடம் போனேன். அவர்கள் முந்திரிப் பருப்பை ஒரு சூட்டு அறையில் காயவைத்து விற்கிறவர்கள். அந்த அறையின் மேல்தட்டில் ஒரு மூலை கேட்டேன்.

"மரத்த போயி எதுக்குடா பருப்பு மாதிரி வறுக்குற?" என்று கேட்டார்கள்.

"அவசரமா வேணுங்குது அக்கா. ஊருக்குப் போறாங்க" என்றேன்.

பொய் இல்லையே.

இங்கேதான், மேடம், உங்கள் அறிக்கையைத் திருத்த வேண்டும். மரத்துக்குள் கொஞ்சம் ஈரம் தங்க வேண்டும். அந்தக் கொஞ்சம்தான் அதை வளையவிட்டுத் திரும்ப நிமிர்த்துகிறது. அதையும் எடுத்துவிட்டால் பார்க்க அதே மரம், தட்டினால் இன்னும் நல்ல சத்தம், ஆனால் உள்ளே அப்பளம். நாற்பது நாள் அந்த அறையில் வைத்தேன். எடுத்த பிறகு நம் கடல்காற்று ஈரத்தைத் திருப்பிக் கொடுத்துவிடும் அல்லவா, அதனால் அன்றைக்கே செதுக்கி அன்றைக்கே நாலு பூச்சு அரக்கு அடித்து மூடினேன். பாதி இழுவைக்குத் தாங்கும். முழுசாக இழுத்தால் தாங்காது. நான் இழுத்துப் பார்க்கவில்லை. தேவைப்படவில்லை.

என் கணக்கு ரொம்பச் சாதாரணம். மாப்பிள்ளை இழுப்பார், உடையும், கையிலோ தோளிலோ ஒரு அடி. மஸ்கட் போவதற்கான மெடிக்கல் டெஸ்டில் தேறமாட்டார். வேலை போகும். இரண்டு பேரும் இங்கேயே இருப்பார்கள். மாப்பிள்ளைக்குக் கை சரியாகும்வரை குறிஞ்சிப்பாடியில் தங்கலாம். மாடி அறைக்கு வெள்ளைகூட அடித்து வைத்தேன். யாருக்கும் கெடுதல் நினைக்கவில்லை.

வைகாசியில் வில்லைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். சிதம்பரத்தில் அவர்கள் பழகும் மைதானம், ஞாயிற்றுக்கிழமை காலை. மாப்பிள்ளை வில்லைத் தடவிப் பார்த்து, "ரெண்டு வருஷம் வீண் போகல மச்சான்" என்றார். அவர் கண் கலங்கியது. பிறகு வில்லைக் கனிமொழியிடம் நீட்டினார். "மொதல்ல நீ இழு. அதான வழக்கம்."

அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். அந்த நேரத்தில் நான் ஏதாவது சொல்லியிருக்கலாம் என்று நீங்கள் நினைப்பீர்கள். நானும் நினைத்தேன். தண்ணீர் பாட்டிலைத் திறந்துகொண்டிருந்தேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு இழுத்தாள். பாதி இழுவையில் ஒருகணம் நின்றாள், பழைய பழக்கம்; மரம் என்ன சொல்கிறது என்று கேட்பாள். "நல்லா பேசுதுண்ணா" என்றாள். பிறகு முழுசாக இழுத்தாள்.

வில்லின் மேல் கை மூன்று துண்டாகப் போனது. ஒரு துண்டுதான் அவள் மேல் பட்டது. வலது கண்.

இப்போது பயணம் ரத்து. மாப்பிள்ளை வேலை வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டார். குறைந்தது ஆறு மாதம் யாராவது கூடவே இருந்து பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறார் டாக்டர். மாடி அறை தயாராக இருக்கிறது என்று நான் சொல்லி அனுப்பியிருக்கிறேன். பதில் வரவில்லை. வரும்.

ஆக, எழுதிக்கொள்ளுங்கள். மரம் காயாத மரம் இல்லை. வேண்டுமென்றே அதிகமாகக் காயவைத்தது நான். கையெழுத்துப் போடுகிறேன். பேப்பர்காரர்களுக்கும் சொல்லிவிடுங்கள்.

ஒரு கேள்வி பாக்கி என்கிறீர்கள். உடைந்த வில்லின் பிடியை அளந்து பார்த்தீர்களாம். மாப்பிள்ளைக்கு அகலமான உள்ளங்கை. அந்தப் பிடியை அவர் பிடித்தால் விரல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிடுகின்றன. அவர் ஐம்பது பவுண்டு விசையுள்ள வில்லை இழுக்கிறவர், இது முப்பதுதான். கனிமொழியின் கைக்கு மட்டும் அளவெடுத்ததுபோல் உட்காருகிறது, சிலம்பரசனுக்காகச் செய்த வில் எப்படி அப்படி ஆனது என்று கேட்கிறீர்கள்.

நல்ல கேள்வி, மேடம். நானும் இப்போதுதான் கவனிக்கிறேன்.

அது கைப்பழக்கம். வேறு ஒன்றும் இல்லை. அதை மட்டும் எழுத வேண்டாம்.