இடப்பக்கக் கதவு

மணி மாலை ஆறே முக்கால். நல்ல மழை. ஆளில்லாத ரோடு என்று ஆரம்பித்தால்தான் உங்களுக்குப் பயம் வரும், தெரியும். ஆனால் இது நடந்தது கிருஷ்ணகிரி மேம்பாலத்துக்குக் கீழே. சேலம் ரோடு, சென்னை ரோடு, பெங்களூரு ரோடு எல்லாம் வந்து முட்டிக்கொள்ளும் இடம். கம்பெனி பஸ், டிப்பர், பைக், ஷேர் ஆட்டோ... ஹாரன் சத்தத்தில் நாம் பேசுவது நமக்கே கேட்காது. அத்தனை கூட்டத்துக்கு நடுவில்தான்...

லிபியா, அந்த ஜன்னலைச் சாத்து. ஹாஸ்டலுக்குக் கரண்ட் வர இன்னும் ஒரு மணி நேரம் ஆகுமாம். ப்ரீதா, ஆறு பேர் ஒரே கட்டிலில் இப்படி நெருக்கினால் பேய் வருவதற்கு முன் கட்டில் போய்விடும். கொஞ்சம் தள்ளு.

கம்பெனியில் நம் லைனில் வேலை பார்க்கிற ராசாத்தி இருக்கிறாளே, இன்றைக்கு நைட் ஷிஃப்ட் போயிருக்கிறாள். அவளுடைய பெரியப்பா மகள் சுப்ரியாவுக்கு நடந்தது இது. ராசாத்தியிடம் போய்க் கேட்டுவிடாதீர்கள். அழுதுவிடுவாள்.

சுப்ரியாவின் வீட்டுக்காரர் பூபதி. நாகரசம்பட்டிக்காரர். பதினாலு வீல் லாரியில் ஓசூருக்குக் கருங்கல் ஏற்றிப் போவார். சுப்ரியா அவருக்கு இரண்டாம் தாரம். முதல் மனைவி வீரலட்சுமி மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

சும்மா சொல்லக் கூடாது, வீரலட்சுமி கெட்டிக்காரி. முதலாளி எல்லப்பன் கிளீனர் ஆளை நிறுத்திய பிறகு, நாலு வருஷம் அவளே புருஷனோடு வண்டியில் போனாள். அவ்வளவு பெரிய லாரியில் டிரைவருக்கு இடப்பக்கம் பாதி தெரியாது. அவள் ஜன்னல் வழியாகக் கையை விட்டு, கதவை வெளியே தட்டுவாள். ஒரு தட்டு என்றால் நில். இரண்டு தட்டு என்றால் போ. ஒரு நாளும் தப்பாகத் தட்டியதில்லை.

அவள் இடத்தில்தான் சுப்ரியா போய் உட்கார்ந்தாள். "வீட்ல தனியா இருந்து என்ன பண்றது, நானும் வரேன்" என்று ஆசையாகத்தான் ஏறினாள். ஏறினால்... மருக்கொழுந்து வாசனை. வண்டியில் பூவே இல்லை. தலைக்கு மேலே ஒரு மரச்சீப்பு செருகியிருந்தது. அதில் நீளமாக ஒரு முடி.

அன்றைக்கு மேம்பாலத்துக்குக் கீழே இடப்பக்கம் திரும்பி பெங்களூரு ரோட்டில் ஏற வேண்டும். சுப்ரியா எட்டிப் பார்த்தாள். ஒரு வண்டியும் இல்லை.

"ஃப்ரீயா இருக்குதுங்க. வாங்க."

பூபதி நகரவில்லை.

"ஏங்க, வாங்கன்றேன்ல?"

"இரு. அவ சொல்லட்டும்."

ஒரு பைக் எங்கிருந்தோ வந்து சர்ரென்று போனது. அது போனதும்... கதவில். வெளிப்பக்கம். *தட்... தட்.* உள்ளங்கை தகரத்தில் படுகிற சத்தம். பூபதி கியரைப் போட்டார்.

நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? கதவைத் திறந்து குதித்து ஓடியிருப்பீர்கள். சுப்ரியாவுக்குப் பயமே வரவில்லை. வயிறு எரிந்தது. கட்டிய பெண்டாட்டி பக்கத்தில் உட்கார்ந்து சொல்கிறாள், அது காதில் ஏறவில்லை. செத்துப்போனவள் தட்டினால் வண்டி நகர்கிறது. அவளுக்கு அதுதான் பொறுக்கவில்லை.

மறுநாள் அந்தச் சீப்பை எடுத்து பாரூர் வாய்க்காலில் வீசினாள். சீட்டு உறையைக் கிழித்துப் புது உறை போட்டாள். ஜன்னல் கண்ணாடியை இறுக்கி ஏற்றினாள். வாசனை போகவில்லை. தட்டுவதும் நிற்கவில்லை. ஒவ்வொரு முறையும் பூபதி அவளைத் தாண்டி அந்தக் கதவைத்தான் பார்ப்பார். தன்னை ஒரு நாளும் அப்படிப் பார்த்ததில்லை என்று ராசாத்தியிடம் போனில் சொல்லிச் சொல்லி ஆற்றாமைப்பட்டிருக்கிறாள்.

அப்புறம்தான் அந்த மழை நாள். ஆறே முக்கால்.

அதே திருப்பம். பின்னால் நூறு வண்டி ஹாரன் அடிக்கிறது. கண்ணாடியெல்லாம் மழைத் தண்ணீர், சிவப்பு விளக்குகள் கலங்கித் தெரிகின்றன. கதவில் ஒரே ஒரு தட்டு விழுந்தது.

*தட்.*

பூபதி பிரேக்கை மிதித்து நின்றார். ஒரு நிமிஷம். இரண்டு நிமிஷம். இரண்டாவது தட்டு வரவில்லை.

சுப்ரியா எட்டிப் பார்த்தாள். அவள் கண்ணுக்கு ரோடு காலியாகத்தான் இருந்தது. இன்றைக்கு ஒரு நாளாவது என் பேச்சில் இந்த வண்டி நகரட்டும் என்று நினைத்தாள். சொன்னால் கேட்க மாட்டார், தெரியும். சத்தம் வராமல் கண்ணாடியை இறக்கினாள். கையை வெளியே விட்டாள்.

*தட்... தட்.*

பூபதி சிரித்தார். கல்யாணம் ஆகி எட்டு மாதத்தில் அவள் பார்க்காத சிரிப்பு.

"சரி லட்சுமி" என்றார்.

வண்டி நகர்ந்தது. விளக்குப் போடாமல் வந்த டிப்பர் இடப்பக்கக் கதவில் அப்படியே ஏறியது.

பூபதிக்கு ஒரு கீறல் இல்லை. சுப்ரியா ஆஸ்பத்திரியில் மூன்று நாள் இருந்தாள். கூட இருந்து பார்த்துக்கொண்டது ராசாத்திதான். வலிக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லையாம். "சிரிச்சாருடி... நான் தட்டுனதுக்கு அவ பேரச் சொல்லிச் சிரிச்சாருடி" என்று அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் விடியற்காலையில் ராசாத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு, "இனிமே அந்தப் பக்கம் நான்தான் உக்காருவேன். அவள உட மாட்டேன்" என்றாள். அதுதான் கடைசிப் பேச்சு.

ஆறு மாதம் கழித்து எல்லப்பன் அதே லாரிக்குப் புதுக் கதவு மாட்டிக் கொடுத்தார். பூபதிக்கு வேறு பிழைப்பு தெரியாது. தனியாகத்தான் எடுத்துப்போனார். இடப்பக்கச் சீட்டு காலி. அன்றைக்கும் மழை. மேம்பாலத்துக்குக் கீழே வந்து நின்றார்.

*தட்.*

நின்றார்.

*தட்... தட்.*

கியரில் கை வைத்தார்.

*தட்.*

கையை எடுத்தார்.

*தட்... தட்.* *தட்.* *தட்... தட்...* வரவர வேகம். ஒன்றா, இரண்டா என்று எண்ண முடியவில்லை. புதுக் கதவு கிடுகிடுவென்று ஆடுகிறது. மருக்கொழுந்து வாசனையோடு இப்போது இன்னொரு வாசனை... ஆஸ்பத்திரி மருந்து வாசனை. பின்னால் சேலம் ரோடு வரைக்கும் வண்டிகள் நிற்கின்றன. பூபதி ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வேர்த்து விறுவிறுத்து உட்கார்ந்திருக்கிறார். ஓர் அங்குலம் நகரவில்லை.

அன்றோடு லாரி ஓட்டுவதை விட்டுவிட்டார். இதையெல்லாம் ராசாத்தியிடம் சொன்னதும் அவரேதான்.

அன்றைக்கு அங்கே டிராஃபிக் பார்த்துக்கொண்டிருந்த போலீஸ்காரர் திம்மராயன் மழையில் நனைந்துகொண்டே ஓடி வந்திருக்கிறார். நேராக இடப்பக்கப் படியில் ஏறி, கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தார். சட்டென்று இறங்கிச் சுற்றிக்கொண்டு டிரைவர் பக்கம் வந்தார். கோபமான கோபம்.

"யோவ், உனக்கு அறிவிருக்கா? ரெண்டு பொம்பளைங்க பக்கத்துல முடியப் புடிச்சு சண்ட போடறாங்க, நீ பாட்டுக்கு நடுரோட்ல வண்டிய நிறுத்திட்டு உக்காந்திருக்க! மொதல்ல ஒருத்திய எறக்கி உடுய்யா!"