நிறுத்தி வைத்த படம்

சீரியல்ல எனக்குப் புடிக்காதது ஒண்ணே ஒண்ணுதான் மேடம். ஒருத்தி கதவைத் தெறந்தா ஊட்ல கீற எல்லார் மூஞ்சியையும் மூணு மூணு தடவ காட்டுறது. அவங்க திரும்பி முடிக்கிறதுக்குள்ள நான் டீ போட்டுக் குடிச்சிட்டு கிளாஸையும் கழுவி வெச்சிடுவேன். பாட்டுப் போட்டி பரவாயில்ல. பாடுற புள்ளைங்களவிட ஜட்ஜுங்க ஜாஸ்தியா அழுவுறாங்க, அத்தக் கொஞ்சம் கொறைச்சிக்கலாம். பேய்ப்படம் பேய் வர்ற வரைக்கும் ஓகே. அது வந்து தன்னோட பழைய கதையைச் சொல்ல ஆரம்பிச்சா நான் கண்ணை மூடிக்குவேன். பயத்துல இல்ல, தூக்கத்துல.

பேரு டில்லிபாபு. வயசு அறுவது. ஊடு கோவில்பதாகை. பாடியில ஒரு கம்பெனியில முப்பத்தோரு வருஷம் இன்ஸ்பெக்ஷன்ல இருந்தேன். வர்ற பீஸைப் பார்த்து ஓகே, ரீவொர்க், ரிஜெக்ட்னு மூணு டப்பாவுல போடுறது வேலை. ரிடையர் ஆன அப்பால பீஸுக்குப் பதிலா படத்தைப் போட்டுக்கினு கீறேன். உங்களை யாரு கேட்டாங்கன்னு என் சம்சாரம் வரலட்சுமி சொல்லுவா. யாரும் கேக்கல. அதானே ரிடையர் ஆனவனோட கஷ்டம்.

துப்பறியிற படம்னா எனக்கு உயிரு. ஆனா கொலைகாரன் யாருன்னு ஒரு தடவகூட நான் சரியாச் சொன்னதில்ல. மயிரிழை கீறலைக்கூட விடாத கண்ணு இது. படத்துல மட்டும் தாடிக்காரன்தான்னு சொல்லுவேன், அவன் இடைவேளைக்கு முன்னாடியே செத்துடுவான். ஒரு தடவ, கொலையானவனையே கொலைகாரன்னு சொல்லிட்டேன்.

மனோகரன் அப்படியில்ல. வரலட்சுமியோட அண்ணன், எனக்கு மச்சான். அவரோட சம்சாரம் தவறின அப்பால பத்து நாள் தங்குறேன்னு வந்தாரு, ரெண்டு வருஷம் ஆச்சி. நல்ல மனுஷன், அத மொதல்ல எழுதிக்கங்க. எனக்கு டெங்கு வந்தப்ப எட்டு நாள் ஆஸ்பத்திரி பெஞ்சுல சுருண்டு படுத்துக்கினு பார்த்துக்கினாரு. சாயங்காலம் வடை வாங்கினு வந்தா எனக்கு ரெண்டு, அவருக்கு ஒண்ணு.

ஆனா எந்தப் படமும் பத்து நிமிஷம் ஓடுனாப் போதும், மாப்ள, இவன்தான் ஆளுன்னு சொல்லிடுவாரு. சொன்னா சொன்னதுதான். வரலட்சுமி கை தட்டுவா. அப்பால என் பக்கம் திரும்பி, நீங்க யாரைச் சொன்னீங்கன்னு கேப்பா. அண்ணனும் தங்கச்சியும் சேர்ந்து சிரிப்பாங்க. நானும் சிரிப்பேன். ரெண்டு வருஷம் சிரிச்சேன். வவுறு எரிஞ்சிக்கினுதான் சிரிச்சேன், அத்தையும் எழுதிக்கங்க.

எங்க ஊட்ல ஒரு சட்டம் கீது. படம் ஓடும்போது யாரு எழுந்து போனாலும், பாத்ரூமோ காலிங் பெல்லோ, படத்தை நிறுத்தி வெச்சிடணும். வரலட்சுமி போட்ட சட்டம். சமையக்கட்டுல தாளிச்சிக்கினு கீறவளுக்கும் ஒரு சீன் தவறக் கூடாது.

போன மாசம் ஞாயித்துக்கெழமை மத்தியானம். அவ குமணன்சாவடிக்கு ஒரு வளைகாப்புக்குப் போயிருந்தா. நானும் மச்சானும் துப்பறியிற படம் ஒண்ணு போட்டோம். ஒன்றரை மணி நேரம் மனுஷன் வாயே தெறக்கல. எனக்குப் படத்துல வர்ற டாக்டர் மேல சந்தேகம் உறுதியாயிடுச்சி. வாழ்க்கையில மொத தடவ. சின்னப் புள்ள மாதிரி உள்ளுக்குள்ள சந்தோஷமா இருந்துது. அப்பதான் மச்சான் சிரிச்சாரு.

"டாக்டர் இல்ல மாப்ள. யாருன்னு சொல்லட்டா?"

டாக்டர்னு நான் சொல்லவேயில்ல மேடம். என் மூஞ்சியிலயே படிச்சிட்டாரு.

ஆனா சொல்லல. அதுக்குள்ள நெஞ்சைப் புடிச்சிக்கினாரு.

சினிமாவுல ஆள் சாவுற சீன் மொத்தமும் ரிஜெக்ட். மூணு நிமிஷம் வசனம் பேசி, எல்லார் கையையும் புடிச்சி ஒப்படைச்சிட்டுத் தலையைச் சாய்க்கிறாங்க. நெசத்துல பேச்சே வராது. சட்டை நனையிற அளவுக்கு வேர்க்கும். கண்ணு மட்டும் எதிர்ல கீறவனையே பார்க்கும். உனக்கு எப்படித் தெரியும்னு கேக்குறீங்க. அதுக்குத்தான் வர்றேன்.

அன்னிக்கு எல்லாராண்டயும் நான் சொன்னது வேற. படம் முடியிற வரைக்கும் தலையைத் திருப்பல, முடிஞ்சி பேரு ஓடும்போது பார்த்தா மச்சான் சாஞ்சி கெடந்தாருன்னு சொன்னேன். ஒருத்தரும் சந்தேகப்படல. டில்லிபாபு படம் பார்த்துக்கினு இருந்தா ஊடு பத்திக்கினாலும் தெரியாதுன்னு தெருவுக்கே தெரியும். அந்தக் கெட்ட பேரு அன்னிக்கு உதவிச்சி.

சாவு ஊடு. பதினாறாம் நாள் காரியம் முடியிற வரைக்கும் டிவி போடக் கூடாது. துண்டைப் போட்டு மூடி வெச்சோம். காரியம் முடிஞ்ச மறுநாள் வரலட்சுமிதான் போட்டா. போட்டதும் 'தொடர்ந்து பார்க்க'ன்னு அந்தப் படம் நிக்குது. அடியில சிவப்புக் கோடு முக்கால்வாசியோட நின்னுடுச்சி. நான் ரேஷன் கடைக்குப் போயிருந்த நேரம். மிச்சப் படத்தை அவ ஒண்டியா உக்காந்து பார்த்திருக்கா.

நான் வந்ததும் சோறு போட்டா. போட்டுக்கினே கேட்டா.

"அன்னிக்கு முழுசா பார்த்தேன்னீங்களே. கொலை பண்ணது யாரு?"

டாக்டர்னேன்.

என்னையே பார்த்துக்கினு இருந்தா. அப்பால ரசம் ஊத்தினா. பொடவைய மாத்திக்கினு நேரா ஸ்டேஷனுக்கு உங்களாண்ட வந்துட்டா.

நடந்தது இதான். அவரோட நெஞ்சுவலி மாத்திரை, நாக்குக்கு அடியில வெச்சிக்கிறது, டிவி பக்கத்துல ரிமோட்டோட இருக்கும். கையைக் காட்டினாரு. நான் எழுந்து போனேன். எழுந்தா நிறுத்தணும், அதான சட்டம். படத்தை நிறுத்தினேன். ஒரு கையில ரிமோட்டு, ஒரு கையில மாத்திரை. திரும்பி வந்து என் எடத்துல உக்காந்தேன். மச்சான் கையை நீட்டினாரு. நாலடி தூரந்தான். நான் குடுக்கல. கோவம்கூட இல்ல மேடம். ஒரே ஒரு தடவ முடிவைச் சொல்லாம இருக்கட்டுமேன்னு தோணிச்சி.

படம் நின்னே கெடந்தா வருமே, அப்படிக் கொஞ்ச நேரத்துல டிவியில தானா வெளிநாட்டு ஏரி, மலை, பனின்னு மாத்தி மாத்தி வந்துது. ஏரி நல்லா இருந்துது. அவரு கை கீழ விழுந்த அப்பால மாத்திரையை எடுத்த எடத்துலயே வெச்சேன். டிவிய அணைச்சிட்டு, பக்கத்து ஊட்டு சித்ராவைக் கூப்பிட்டேன். எனக்கு அழுகை வந்துது. அது நடிப்பு இல்ல. நடிப்பு எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்.

கையெழுத்து எங்க போடணும்னு சொல்லுங்க, போட்டுடறேன். எல்லாத்தையும் ஒத்துக்கினேன், ஒண்ணும் மறைக்கல. ஒரே ஒரு உதவி மட்டும் பண்ணுங்க. வரலட்சுமி உங்களாண்ட அந்தப் படத்தோட மிச்சக் கதையையும் சொல்லியிருப்பா. என்னாண்ட சொல்லிடாதீங்க மேடம். கொலைகாரன் யாருன்னு இந்த ஒரு தடவையாவது நானே கண்டுபுடிச்சிக்கிறேன்.